'நாடி' தப்பா காட்டுதா, மெஷினே தப்பா? அறிகுறி வாரியா பாத்து சரி பண்ற வழி

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல நான் பாத்துக்கிற மெஷின் மொத்தம் 11. மளிகைக்கடை கல்லாவுல 2, டியூஷன் சென்டர்ல 5, தோட்டத்து ஆபீஸ்ல 3, கோயில் ஆபீஸ்ல கேமராவுக்குன்னு ஒரு ராஸ்பெர்ரி பை, கையளவு குட்டி கம்ப்யூட்டர், சுருக்கமா 'பை'. எல்லாமே லினக்ஸ். ஒவ்வொரு தடவையும் மோட்டர் சைக்கிள எடுத்துகிட்டு செம்பனை தோட்டத்துக்குள்ள பூந்து போயி "என்னாண்ணே, எங்க மெதுவா இருக்கு"ன்னு கேட்டு கேட்டு அலுத்துப்போயி தான் சின்னதா ஒரு கமாண்ட்லைன் டூல் எழுதினேன், பேரு 'நாடி'. டெர்மினல்ல அந்த பேர அடிச்சா சிபியு, மெமரி, சூடு, டிஸ்க், நெட்வர்க் எல்லாம் ஒரே திரையில வந்துரும். எழுதினதுக்கப்புறம் மெஷின் ரிப்பேர விட நாடி ரிப்பேர் தான் ஜாஸ்தியா போச்சு, "தம்பி உன் சாமான் என்னமோ மைனஸ்ல காட்டுது"ன்னு ராத்திரி ஒம்பது மணிக்கு போன் வரும். பாதி நாள் டூல் தப்பு, பாதி நாள் மெஷின் தப்பு, எது எதுன்னு பிரிக்கிறதுக்குள்ள கோப்பி ஆறிடும்.

அதனால இது. நீங்களே இந்த மாதிரி ஒன்னு எழுதிகிட்டு இருந்தாலும் இதே எடத்துல தான் விழுவீங்க. கமாண்ட் பேர், ஃபைல் பேரெல்லாம் வாயில சொல்ற மாதிரி தமிழ்ல எழுதிருக்கேன், அடிக்கும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

## சிபியு எடுத்த எடுப்புல 0 காட்டுது, இல்ல நாள் முழுக்க ஒரே நம்பர்

பயப்படாதீங்க, மெஷின் நல்லா தான் இருக்கு. ப்ராக் ஃபோல்டர்ல ஸ்டாட்னு ஒரு ஃபைல் இருக்கே, அதுல வர்ற எண்ணெல்லாம் மெஷின் ஆன் ஆனதுலேர்ந்து கூடிகிட்டே போற கணக்கு, வீட்டு கரண்ட் மீட்டர் மாதிரி. மீட்டர ஒரு தடவை பாத்தா இந்த மாச பில்லு தெரியுமா? ரெண்டு தடவை படிச்சு கழிக்கணும்.

முதல் வரி மட்டும் 0ன்னா டூல் கழிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிடுச்சு. பைதான்ல பிஎஸ்யுடில் லைப்ரரி வச்சு எழுதினவங்களுக்கு இது கண்டிப்பா வரும், இடைவெளி குடுக்காம கூப்பிட்டா முதல் தடவை அது 0.0 தான் திருப்பிக் குடுக்கும். சத்தமில்லாம ஒரு தடவை படிச்சு தூக்கிப்போட்டுட்டு அரை செகண்ட் கழிச்சு படிச்சத காட்டுங்க, முடிஞ்சது.

காலையில 7.3, மத்தியானம் 7.3, சாயங்காலமும் 7.3ன்னா, நீங்க கழிக்கவே இல்ல, ஆன் ஆனதுலேர்ந்து மொத்தத்துக்கும் சராசரி போட்டுகிட்டு இருக்கீங்க.

ஒரு புரோகிராம் மட்டும் 380ன்னு காட்டுதுன்னு டியூஷன் டீச்சர் ஒரு நாள் பதறிட்டாங்க. நாலு கோர் இருக்குற மெஷின்ல 400 வரைக்கும் போகலாம் டீச்சர், டாப் கமாண்டும் அப்படித்தான் காட்டும். இத மாத்த வேணாம், திரையில கோர் எத்தனைன்னு பக்கத்துலயே எழுதிட்டா கேள்வி வராது.

## சூடு வரல, இல்ல 0, இல்ல நம்பவே முடியாத நம்பர்

இது தான் பெரிய தலைவலி, கொஞ்சம் நிதானமா பாப்போம்.

45000 டிகிரின்னு வருது. கெர்னல், அதாவது லினக்ஸோட உள் மையம், சூட்ட ஆயிரத்துல ஒரு டிகிரியா குடுக்கும். ஆயிரத்தால வகுக்க மறந்துட்டீங்க. அவ்ளோ தான்.

நேத்து சிபியு சூடு காட்டின எடத்துல இன்னிக்கு டிஸ்க் சூடு. சென்சார் கணக்கு இருக்குற ஹெச்டபிள்யூமான் ஃபோல்டர 0, 1, 2ன்னு வரிசை நம்பர் வச்சு படிக்கிறீங்க, ரீபூட் ஆனா அந்த வரிசை மாறலாம், எது முன்னாடி லோட் ஆகுதோ அதுக்கு முன் நம்பர். ஒவ்வொரு ஃபோல்டர்லயும் நேம்னு ஒரு குட்டி ஃபைல் இருக்கும், அத படிச்சு இன்டெல்னா கோர்டெம்ப், ஏஎம்டினா கே10டெம்ப்னு பேர வச்சு தேடுங்க. நம்பர நம்பாதீங்க.

சும்மா இருக்கும்போதே 20 டிகிரி ஜாஸ்தி. பழைய ரைசன் சிலதுல, 1700எக்ஸ், 1800எக்ஸ் மாதிரி, காத்தாடிய சீக்கிரம் சுத்த வைக்கணும்னு கம்பெனியே 20 டிகிரி கூட்டி தான் சொல்லும், 2700எக்ஸ்க்கு 10. டிசிடிஎல்னு ஒன்னு, டிடைனு ஒன்னு ரெண்டு எண் வந்தா டிடை தான் நெசமான சூடு.

காத்தாடி வேகம் வரவே இல்ல. சென்சார தேடுற சென்சார்ஸ்-டிடெக்ட் கமாண்ட ஓட்டி பாருங்க, கேக்குற கேள்விக்கெல்லாம் அது சொல்ற பதிலையே என்டர் தட்டி விட்டா போதும். போர்டுல இருக்குற சிப்புக்கு ஏத்த மாதிரி என்சிடி6775 இல்ல ஐடி87 மாட்யூல போடணும்னு சொல்லும். அப்பவும் வரலன்னா சில போர்டுல வராது, விட்டுட்டு போங்க.

0 டிகிரின்னு வருது. இங்க தான் நான் ஒரு தடவை நல்லா வாங்கிகட்டினேன். முதல் வெர்ஷன்ல ஃபைல் கெடைக்கலன்னா 0ன்னு போட்டுருந்தேன், திரை அழகா இருக்கட்டுமேன்னு. கல்லா மெஷின்ல ஒரு அப்டேட்டுக்கப்புறம் அந்த வரிசை நம்பர் மாறிடுச்சு, நாடி இல்லாத ஃபைல படிச்சுட்டு 0, 0, 0ன்னு காட்டிகிட்டே இருந்துச்சு. 80க்கு மேல போனா எச்சரிக்கை வரும்னு எழுதிருந்தேன், 0 எங்கேர்ந்து 80 ஆகும்? உள்ள காத்தாடி சிக்கி நின்னே போச்சு, யாருக்கும் தெரியல. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, கடையில கால் வைக்க எடமில்ல, பலகார மாவும் எண்ணெயுமா தூக்கிகிட்டு ஜனம் நிக்குது, மெஷின் டப்புன்னு அணைஞ்சு போச்சு. கடைக்கார அண்ணே கையால பில்லு எழுதினாரு, என்னைய ஒரு வார்த்தை திட்டல, அது தான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. நாடி கெடைக்கலன்னா கெடைக்கலன்னு தான் வைத்தியர் சொல்லணும், நின்னு போச்சுன்னு சொன்னா வீட்டுல அழ ஆரம்பிச்சிடுவாங்க, என் டூல் அத விட மோசம், நின்னு போனத நல்லா இருக்குன்னு சொல்லிச்சு. அன்னிலேர்ந்து படிக்க முடியலன்னா ஒரு கோடு, பக்கத்துல 'தெரியல', எக்ஸிட் கோட், அதாவது டூல் முடியும்போது குடுக்குற எண், 3. மெஷின கண்காணிக்கிற நாகியோஸ் மென்பொருளோட பழக்கம் அது: 0 நல்லது, 1 கவனி, 2 ஆபத்து, 3 தெரியல.

## சூடு நெசமாவே ஜாஸ்தி

மேல சொன்னதெல்லாம் பாத்தாச்சு, டூல் சரி, ஆனா 90 தாண்டுதுன்னா இப்ப மெஷின தொடணும். பல இன்டெல் சிப்புக்கு 100 டிகிரி கிட்ட தான் எல்லை, அங்க போனதும் அதுவே வேகத்த கொறைச்சுக்கும், அதனால மொதல்ல வர்ற புகார் "சூடு"ன்னு இருக்காது, "மெதுவா இருக்கு"ன்னு தான் இருக்கும். நாடியில சூடும் மெகாஹெர்ட்ஸும் ஒரே வரியில பக்கத்துல பக்கத்துல இருக்கறதுக்கு காரணம் இதான், சூடு ஏற ஏற வேகம் எறங்கினா வேற சாட்சி வேணாம்.

காசு செலவில்லாதது மொதல்ல. மெஷின செவுத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி வைங்க. கடையில கல்லாவுக்கு அடியில அரிசி மூட்டைக்கும் செவுத்துக்கும் நடுவுல சொருகி வச்சிருப்பாங்க, காத்து எங்க போகும்? அப்புறம் தூசி. நம்ம பக்கம் செம்மண் ரோட்டுல லோரி போற தூசி ஒரு பக்கம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி ஒரு பக்கம், கொசுவத்தி புகை ஒரு பக்கம், மூணும் சேந்து சூட்ட வெளிய தள்ற ஹீட்சிங்க் தகடு இடுக்குல கம்பளி மாதிரி ஒட்டிக்கும், பிரஷ்ல தட்டினா போகாது, உருட்டி எடுக்கணும். ஆஃப் பண்ணி ப்ளக்க உருவிட்டு, காத்தாடி ரெக்கைய விரலால புடிச்சுகிட்டு ஊதுங்க, புடிக்காம ஊதினா ரெக்கை கண்டபடி சுத்தி பேரிங் கெடும்.

அடுத்து கூலரோட நாலு காலு. இன்டெல் பெட்டியில வர்ற கூலர்ல நாலு மூலைக்கும் அமுக்குற பின் இருக்கும், அதுல ஒன்னு ஏறி வந்திருந்தா ஒரு பக்கம் தொடாது. குறுக்கு குறுக்கா அமுக்குங்க, க்ளிக்னு கேக்கணும். கூலர கழட்டினா சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல இருக்குற பழைய பேஸ்ட தொடைச்சிட்டு புதுசு போட்டு தான் திரும்ப மாட்டணும், பட்டாணி அளவு போதும், ரொட்டிக்கு பட்டர் தடவுற மாதிரி தடவாதீங்க. அதுக்கப்புறம் தான் புது காத்தாடி, புது கூலர்.

இத்தனையும் செஞ்சு ஆன் பண்ண ஒரு நிமிஷத்துலயே 95 போனாலும், போர்டுல கெப்பாசிட்டர் தலை உப்பி இருந்தாலும், கருகின வாடை வந்தாலும் நிறுத்துங்க, கடைக்கு எடுத்துட்டு போங்க. பவர் சப்ளைய மட்டும் யாரும் தொறக்காதீங்க, ப்ளக்க உருவினாலும் உள்ள கரண்ட் தங்கி இருக்கும். தோட்டத்து ஆபீஸ் மெஷின் ஒன்னு அடிக்கடி அணையுதுன்னு பின்னாடி ஓட்டையில டார்ச் அடிச்சு பாத்தா ஒரு பல்லி, வறுத்த கருவாடு மாதிரி ஒட்டிகிட்டு இருக்கு. ஆபீஸ் பெரிய கிராணி (தலைமை குமாஸ்தா) சிரிச்சாரு, நான் சிரிக்கல, முழுசா புது பவர் சப்ளை தான் மாத்தினேன்.

## மெமரி நெறஞ்சிடுச்சுன்னு செவப்பா காட்டுது, ஆனா மெஷின் நல்லா ஓடுது

ப்ராக் ஃபோல்டர்ல மெம்இன்ஃபோ ஃபைல்ல மெம்ஃப்ரீய பாக்காதீங்க, மெம்அவைலபிள பாருங்க. சும்மா கெடக்குற மெமரிய லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கும், கேட்டா திருப்பி குடுத்துடும். 2014ல வந்த கெர்னல் 3.14லேர்ந்தே அந்த வரி இருக்கு, இன்னும் நெறைய பேர் பழைய கணக்கயே போட்டுகிட்டு இருக்காங்க. அவைலபிளே நெசமா கீழ போயி ஸ்வாப்பும் (ராம் பத்தாதப்ப டிஸ்க்ல எடுத்துக்கிற எடம்) ஓயாம ஏறி எறங்கினா மொதல்ல பிரவுசர் டேப மூடுங்க, அப்புறமா ராம் வாங்க யோசிங்க.

## கரண்ட் போய் வந்ததுக்கப்புறம் மைனஸ் வேகம், இல்ல வானத்துக்கு எகிறின நம்பர்

இது நம்ம ஊரு வியாதி. மத்தியானம் மூணு மணிக்கு மேல இடி இடிக்கும், ட்ரிப் ஆகும், வரும். கோயில் ராஸ்பெர்ரி பையில நெட்வர்க் வேகம் மைனஸ்ல வந்துச்சு, குருக்கள் தான் மொதல்ல பாத்து சொன்னாரு.

பை 5க்கு முன்னாடி வந்த எதுலயும் கடிகாரத்துக்குன்னு தனி சிப் கெடையாது, 5ல இருக்கு ஆனா பேட்டரி நாம மாட்டணும். அதனால கரண்ட் வந்ததும் பழைய நேரத்துலேர்ந்து ஆரம்பிக்கும், இன்டர்நெட் கெடைச்சதும் டக்குன்னு சரியான நேரத்துக்கு தாவும். நம்ம டூல் 'இப்ப மணி' கழித்தல் 'அப்ப மணி'ன்னு கணக்கு போட்டா அந்த தாவல்ல கணக்கு நாறிடும். செவுத்து கடிகாரத்த விட்டுட்டு மானோடானிக் கடிகாரத்த எடுங்க, பைதான்ல டைம் மாட்யூல்லயே இருக்கு, அது முன்னாடி மட்டும் தான் போகும்.

கடிகாரம் சரி பண்ணியும் மைனஸ் வருதுன்னா கவுண்டர் சுத்திடுச்சு. சில பழைய நெட்வர்க் டிரைவர், ரவுட்டர்ல 32 பிட் கவுண்டர், 4,294,967,295க்கு அப்புறம் திரும்ப 0. இன்டெல் மின்சாரக் கணக்கு கவுண்டரும் இப்படித்தான், நெறைய மெஷின்ல 262 ஆயிரம் ஜூல் சொச்சத்துல சுத்திடும், 65 வாட்ல ஓடினா ஒரு மணி நேரம் சொச்சம். எங்க சுத்தும்னு மேக்ஸ் எனர்ஜி ரேஞ்ச்னு பக்கத்துலயே ஒரு ஃபைல் சொல்லும், அத கூட்டிக்கோங்க. ரீபூட் ஆகி கவுண்டர் 0 ஆனதா சுத்தினதான்னு சந்தேகமா இருந்தா அந்த ஒரு வரிய தூக்கிப்போட்டுட்டு 'தெரியல' போடுங்க.

டிஸ்க் வேகம் சரியா எட்டு மடங்கு ஜாஸ்தியா வந்தா, டிஸ்க்ஸ்டாட்ஸ் ஃபைல்ல செக்டார்னா எப்பவும் 512 பைட் தான், நீங்க 4096ஆல பெருக்கிட்டீங்க.

அடிக்கடி ட்ரிப் ஆகறது டூலோட பிரச்சனையும் இல்ல என் பிரச்சனையும் இல்ல. மழை இல்லாத நாள்லயும் விழுதுன்னா லைசென்ஸ் உள்ள வயர்மேன கூப்பிடுங்க, நீங்களா பாக்ஸ தொறந்து நோண்டாதீங்க.

## பை மட்டும் மெதுவா போகுது, சூடும் இல்ல, சிபியுவும் சும்மா தான் இருக்கு

விசிஜென்கமாண்ட் கெட் த்ராட்டில்ட் அடிங்க. 0ன்னா நல்லது. 50000ன்னு வந்தா முன்னாடி எப்பவோ வோல்டேஜ் கொறஞ்சு வேகமும் கொறச்சிருக்கு, 50005ன்னா இப்பவும் கொறைவா தான் இருக்கு. 4.63 வோல்ட்டுக்கு கீழ போனா அது கத்தும். பத்துக்கு ஒம்பது தடவை காரணம் யாரோ ஒரு பழைய போன் சார்ஜர மாட்டிருப்பாங்க, கோயில்ல அப்படித்தான் நடந்துச்சு, நல்ல அடாப்டர எடுத்து யாரோ போன் சார்ஜ் போட்டுட்டாங்க. ஒரிஜினல் அடாப்டர், பை 4க்குன்னா 5.1 வோல்ட் 3 ஆம்ப், திரும்ப மாட்டுங்க, அதோட வயரையும் மாத்தி பாருங்க. இந்த எண்ண நாடியில தமிழாக்கி 'கரண்ட் பத்தல'ன்னு எழுத வச்சேன், அதுக்கப்புறம் அந்த அடாப்டர யாரும் தொடல.

## டிஸ்க் வரியில எச்சரிக்கை

இதுக்கு மட்டும் படிச்சதும் எந்திரிங்க. மொத வேலை பேக்கப், மத்ததெல்லாம் அப்புறம்.

டிஸ்க்கோட ஆரோக்கியத்த சொல்ற ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட் குடுக்குறதுல நாலு நம்பர் வரி தான் நான் பாப்பேன். 199, அதாவது டேட்டா வர்ற வழியில வந்த தப்போட கணக்கு, மட்டும் ஏறுதுன்னா டிஸ்க் இல்ல, கேபிள். எறும்பு கூடு கட்டின மெஷின் ஒன்னுல கேபிள் முனையே துரு புடிச்சு இருந்துச்சு, ஏழெட்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) புது கேபிள் போட்டேன், நின்னுடுச்சு. கேபிள் மாத்தினாலும் பழைய எண்ணு அப்படியே நிக்கும், 0 ஆகாது, மேல ஏறாம இருந்தா சரி. அதனால டூல் அந்த எண்ண பாத்து கத்தக்கூடாது, நேத்திக்கும் இன்னிக்கும் உள்ள வித்தியாசத்த பாத்து கத்தணும்.

5, 197, 198, அதாவது கெட்டுப்போன செக்டார் கணக்கு, இதுல ஏதாவது 0லேர்ந்து ஏற ஆரம்பிச்சா டிஸ்க்கு வயசாயிடுச்சு. ஒன்னு ரெண்டோட வருஷக்கணக்கா ஓடினதும் உண்டு, வாரா வாரம் ஏறினா புதுசு வாங்குங்க. என்விஎம்இ எஸ்எஸ்டினா இந்த நம்பரெல்லாம் இருக்காது, கிரிட்டிகல் வார்னிங், அவைலபிள் ஸ்பேர், பர்சென்டேஜ் யூஸ்டு மூணும் பாருங்க.

ஸ்மார்ட்சிடிஎல் 0 இல்லாம வேற எக்ஸிட் கோட் குடுத்தா உடனே 'டிஸ்க் போச்சு'ன்னு எழுதிடாதீங்க, ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு அர்த்தம். டிஸ்க்க தொறக்க முடியலன்னாலும் 2ன்னு வரும், டிஸ்க் சாகுதுன்னா 8ங்கிற பிட். ரெண்டையும் ஒன்னா நெனச்சு ஒரு தடவை டீச்சர ராத்திரியோட ராத்திரியா பேக்கப் எடுக்க வச்சேன், கடைசில பாத்தா யுஎஸ்பி டப்பாவுக்கு 'மைனஸ் டி சாட்'னு சேக்காம விட்டது நான்.

டக் டக்னு சத்தம் வந்தாலோ, ஃபைல் காணாம போனாலோ, பேக்கப் இல்லன்னாலோ அங்கயே ஆஃப் பண்ணுங்க. திரும்ப திரும்ப ஆன் பண்ணி பாக்குறது, ஃபிரீசர்ல வைக்கிறது, மென்பொருள் போட்டு தோண்டுறது ஒன்னும் வேணாம். ஈப்போவுலயோ கோலாலம்பூர்லயோ டேட்டா எடுக்குற கடைக்கு தான் போகணும், வெலை கேட்டா நெஞ்சு அடைக்கும், கல்யாண போட்டோ வேணுமா காசு வேணுமான்னு வீட்டுல பேசிட்டு முடிவெடுங்க.

## கையால ஓட்டினா வருது, க்ரான்ல போட்டா வரல

நேரத்துக்கு தானா கமாண்ட ஓட்டுற க்ரானுக்கு பாத், அதாவது கமாண்ட தேடுற ஃபோல்டர் பட்டியல், ரொம்ப சின்னது, யுஎஸ்ஆர் பின், பின் ரெண்டு தான். ஸ்மார்ட்சிடிஎல் எஸ்பின்ல கெடக்கு, அதுக்கு தெரியாது. முழு வழியயும் எழுதுங்க. அதுக்கப்புறமும் சில வரி மட்டும் 'தெரியல'ன்னா பெர்மிஷன்: இன்டெல் மின்சாரக் கணக்க 2020 நவம்பர்லேர்ந்து ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள யூசர், மட்டும் தான் படிக்கலாம், அந்த எண்ண வச்சு ரகசிய சாவி திருடலாம்னு ஒரு ஓட்டைய கண்டுபுடிச்சாங்க. சிபியு உள் வேலைய எண்ணுற பெர்ஃப் கவுண்டர் வரலன்னா பெர்ஃப் ஈவண்ட் பாரனாய்டுங்கிற எண்ண பாருங்க, வழக்கமா 2, உபுண்டுல இன்னும் இறுக்கி வச்சிருப்பாங்க. விர்ச்சுவல் மெஷினுக்குள்ள ஓட்டிகிட்டு சைக்கிள் கணக்கு வரலன்னு மண்டைய ஒடைக்காதீங்க, வெளியில இருக்குறவன் திறந்து விட்டா தான் வரும். இதுக்காக டூல முழுசா ரூட்ல ஓட்டுறது எனக்கு பிடிக்காது, டிஸ்க் படிக்கிற துண்ட மட்டும் தனியா பிரிச்சு ரூட்ல விட்டுருக்கேன்.

லாக் ஃபைல் காலியா இருந்து திடீர்னு மொத்தமா வந்து விழுதுன்னா அது பஃபர், எழுதினத சேத்து வச்சு மொத்தமா தள்ளுது, ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் பண்ணுங்க. லாக்ல வர்ணக்குறி குப்பை வந்தா திரைக்கு போகுதா ஃபைலுக்கு போகுதான்னு பாத்து வர்ணம் போடணும்.

## டூலே மெஷின மெதுவாக்குது

செகண்டுக்கு ஒரு தடவை சென்சார்ஸும் ஸ்மார்ட்சிடிஎல்லும் வெளி கமாண்டா கூப்பிட்டா அப்படித்தான். சிபியு 2 செகண்ட், சூடு 5 செகண்ட், டிஸ்க் ஆரோக்கியம் அரை மணிக்கு ஒரு தடவை போதும். தூங்குற டிஸ்க்க எழுப்பாம இருக்க 'மைனஸ் என் ஸ்டாண்ட்பை' சேருங்க. லாக்கும் அப்படித்தான், 200 பைட் வரி செகண்டுக்கு ஒன்னுன்னா ஒரு நாளைக்கு 86,400 வரி, 17 எம்பிக்கு மேல, பையோட மெமரி கார்டு பாவம்.

## திரை கலஞ்சு போகுது

கன்ட்ரோல் சி அடிச்சதும் கர்சர் காணாம போச்சுன்னா கண்ண மூடிட்டு ரீசெட்னு அடிச்சு என்டர் தட்டுங்க, வந்துரும். நெரந்தரமா சரி பண்ண, டூல் வெளிய போகும்போது கர்சர திருப்பி குடுத்துட்டு போகணும், அத கன்ட்ரோல் சிக்கும் சேத்து எழுதுங்க.

பத்தி பத்தியா நேரா நிக்க வேண்டியது கோணலா போகுதுன்னா, நீங்களும் என்னைய மாதிரி தமிழ்ல லேபிள் வச்சிருக்கீங்க. 'வெப்பம்'னு எழுதினா நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஏழு குறி, ஃபைல்ல 21 பைட், டெர்மினல் எத்தனை கட்டம் ஒதுக்கும்னு கேட்டா ஒவ்வொரு டெர்மினலும் ஒன்னு சொல்லும். மூணு ராத்திரி இதோட மல்லுக்கட்டி, ஃபான்ட் மாத்தி, டெர்மினல் மாத்தி, ஒன்னும் ஒத்து வரல. கடைசில எண்களையெல்லாம் எடது பக்கம் நெட்டா அடுக்கிட்டு தமிழ் லேபிள வரியோட கடைசில தூக்கிப்போட்டேன். இப்ப '62 டிகிரி வெப்பம்'னு தான் வருது, பேசுற மாதிரியே இருக்குன்னு பெரிய கிராணி சொன்னாரு.